ஆண்டின் பெயரும் ஆண்டின் எண்ணும்: அறுபதாண்டு வட்டம் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ் ஏட்டுச் சுவடிகளின் இறுதியில் ஏடெழுதினோர் ஒரு குறிப்பு எழுதி வைத்தல் மரபு. ஆண்டின் பெயர், திங்கள், நாள், கிழமை, நாண்மீன் என்பன அக்குறிப்பில் நிரலே அமைந்திருக்கும். இவற்றுள் ஆண்டின் பெயர் அறுபதாண்டு வட்டத்தைச் சார்ந்தது. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்கள் முடிந்தபின் மீண்டும் பிரபவ வரும். ஆகவே ஒரு பெயர் ஒரே ஆண்டைச் சுட்டாது. அறுபது ஆண்டுக்கு ஒன்றாகப் பல ஆண்டுகளைச் சுட்டும்.

இக்குறிப்புகளைக் கையாளுவோரிடையே இருவேறு போக்குகளைக் காண்கிறோம். ஒரு சாரார், ஆண்டின் பெயர் ஒன்றையே கொண்டு, தமக்கு ஏற்புடைய நூற்றாண்டில் அதனைப் பொருத்தி, நூலுக்கும் ஏட்டுக்கும் காலம் வரையறுத்து விடுகின்றனர். மற்றொரு சாரார், வட்டமாகச் சுழலும் பெயர் வரலாற்றுக்கு உதவாது என ஒதுக்கி, குறிப்பு முழுவதையுமே பதிப்பில் விட்டுவிடுகின்றனர். இவ்விரு போக்குகளும் ஒரு பிழையின் இரு கிளைகளே என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆண்டின் பெயர் தனித்து நிற்குமாறு அமைக்கப்பட்டதன்று. துணைகளோடு நின்று பயன் தருமாறு அமைந்தது. அத்துணைகளை நீக்கிவிட்டுப் பெயரைக் குறை கூறுதல் முறையன்று. சீனரது அறுபதாண்டு வட்டத்தோடு ஒப்பிட்டு நோக்குங்கால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

1. செய்யூரைச் சூழ்ந்த காலக்கணக்குகள்

செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூரை நடுவாகக் கொண்டு இவ்வாய்வைத் தொடங்குவது பொருந்தும். காலத்தை அளக்கும் முறைகள் பல அவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பில் அருகருகே சான்று பெற்று நிற்கின்றன.

செய்யூர்க் கந்தசாமி கோயிலில் இருபத்தேழு வேதாளங்கள் நிறுவப்பட்டுள்ளன. அவை இருபத்தேழு நாண்மீன்களைக் குறிப்பன என்பது அவ்வூர் வழக்கு. மதியம் நாள்தோறும் ஒவ்வொரு மீனாகக் கடந்து செல்லும் அளவு இது. செய்யூருக்கு வடக்கே திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் வியாழன் கன்னி இராசியில் புகும்போது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீராட்டு விழா நிகழ்கிறது. அக்குளத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு சங்கு தோன்றும் என்பது அங்குள்ளார் நம்பிக்கை. 2004ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் வியாழன் கன்னியிற் புகுந்தது. இவ்வளவு வியாழனின் இயக்கத்தைச் சார்ந்தது.

கல்வெட்டுகளை நோக்கின் வேறு முறைகள் தோன்றுகின்றன. மாமல்லபுரத்துப் பல்லவர் கோயில்களில் மன்னரின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கோயில் எடுத்த ஆண்டு பொறிக்கப்படவில்லை. இதனாலேயே அக்கோயில்களை எடுத்தவர் பலரா ஒருவரா என்னும் வழக்கு நீண்டது. அவை அனைத்தும் இராசசிம்மன் பணிகளே என்று இரா. நாகசாமி 1962ஆம் ஆண்டில் எழுதியதும், அதனை மறுத்துப் பிறர் எழுதியதும் ஆண்டு இன்மையால் விளைந்தவை. மேற்கே உத்தரமேரூரில் முதற் பராந்தகனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையை விளக்கும் அவை ஆட்சியாண்டு எண்ணைத் தருகின்றன, அவற்றைக் கி.பி. 919, 921 என ஆய்வாளர் கணித்தனர். சோழர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு எண்ணே பெருவழக்கு. பின்னர் வந்த விசயநகர வேந்தர் காலத்தில்தான் சகாப்த எண்ணும் அறுபதாண்டுப் பெயரும் இணைந்து வருதல் பெருகிற்று.

இந்நிலப்பரப்பின் புலவர் ஒருவரையும் ஈண்டு நினைவு கூர்தல் வேண்டும். அந்தகக்கவி வீரராகவ முதலியார் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் சேயூர்க் கலம்பகமும் பாடியவர். திருக்கழுக்குன்றப் புராணம் இயற்றியவரும் அவரே. நாண்மீன்களைச் சூழ நிறுத்திய கோயிலையும், வியாழனைப் பார்த்திருக்கும் குளத்தையும் ஒருவரே பாடினார். ஆயினும் அவர் காலத்தை இலக்கிய வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் 17ஆம் நூற்றாண்டு என நூற்றாண்டளவிலேயே கூறுகின்றனர். நாளும் மீனும் கோளும் கணித்து வாழ்ந்த சமுதாயத்தின் புலவர்க்கு நாம் ஆண்டளவில் காலம் கூற இயலாதிருப்பது எதனால்? கணக்கு இல்லாமையால் அன்று. கணக்கின் உறுப்புகள் ஒன்றினின்றும் ஒன்று பிரிக்கப்பட்டமையால் எனலாம்.

2. வட்டத்தின் தோற்றமும் மாற்றமும்

அறுபதாண்டு வட்டம் வியாழ வட்டத்தினின்றும் பிறந்தது. வியாழன் வான்வட்டத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 11.86 ஆண்டு ஆகும். ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ 361 நாள் செல்லும். ஆகவே ஓர் இராசிக்கு ஓர் ஆண்டு எனவும், பன்னிரண்டு ஆண்டு ஒரு சுற்று எனவும், ஐந்து சுற்று ஒரு பெருவட்டம் எனவும் கொண்டனர். கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் பிரபவ முதலாகிய அறுபது பெயர்களையும், ஐவைந்து ஆண்டு கொண்ட பன்னிரண்டு யுகங்களாகப் பகுத்துக் கூறினார். சூரிய சித்தாந்தமோ வட்டத்தை விசயவிலிருந்து தொடங்கும்.

வியாழன் ஓர் இராசியைக் கடக்கும் 361 நாளுக்கும் ஞாயிற்றாண்டின் 365 நாளுக்கும் நான்கு நாளுக்குச் சற்று மிகுந்த வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு ஏறத்தாழ 85 ஆண்டில் ஒரு முழு வியாழ ஆண்டாகத் திரளும். அப்போது ஒரு பெயரைத் தள்ளிவிட்டு அடுத்த பெயருக்குச் செல்லுதல் வடநாட்டு முறை. தென்னாட்டார் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இவ்வாறு தள்ளுதலைக் கைவிட்டனர். அதன்பின் தெற்கே ஆண்டின் பெயர் வியாழனை விட்டு நீங்கி, ஞாயிற்றாண்டுக்கு ஒன்றாகத் தடையின்றி ஓடலாயிற்று. இதனால் இன்று வடநாட்டு வட்டம் தென்னாட்டு வட்டத்தினும் பதின்மூன்று பெயரளவில் முந்தி நிற்கிறது. ஒரே பெயரை வடநாட்டு ஆவணத்திலும் தென்னாட்டு ஆவணத்திலும் கண்டு, இரண்டும் ஓராண்டின என முடிவு செய்வோர் பெரிதும் வழுவுவர்.

தெற்கே பெயர் கோளை விட்டு நீங்கியமையைத் திருக்கழுக்குன்றமே காட்டும். வியாழன் பன்னிரண்டு ஞாயிற்றாண்டு நிறையுமுன், ஏறத்தாழ 50 நாள் முந்தியே தான் நின்ற இடத்திற்கு மீள்கிறது. குளம் கோளைப் பின்பற்றுகிறது. ஆண்டுப் பெயர் ஞாயிற்றைப் பின்பற்றுகிறது. சங்கு தீர்த்தத்து விழா 2004இல் தாரண ஆண்டிலும் 2016இல் துன்முகி ஆண்டிலும் வந்தது. இவை பன்னிரண்டு பெயர் இடையிட்டன என்பது உண்மையே. ஆயினும் இவ்வொழுங்கு என்றும் நில்லாது. ஏறத்தாழ ஏழு சுற்று செல்லுமுன் விழா ஓராண்டு பின்வாங்கி வேறு பெயரைப் பற்றும்.

சங்கத் தொகை நூல்களில் இவ்வறுபது பெயர்கள் வழங்கவில்லை. தொல்காப்பியம் பெரும்பொழுது ஆறனைக் கூறுகிறதேயன்றி ஆண்டுப் பெயர்களைக் கூறவில்லை. ஆகவே பஞ்சாங்கங்களில் பதிக்கப்பெறும் அறுபதாண்டு வெண்பாக்களை இடைக்காடர் பெயரால் வழங்குதல் கொண்டு, அவற்றைத் தொகை நூற் புலவராகிய இடைக்காடனார்க்கு உரியன என்னல் பொருந்தாது. ஆனால் அவ்வெண்பாக்கள் செய்த பணி சிறிதன்று. ஆண்டின் மழை, விளைவு, அரசர் நிலை முதலியவற்றைக் கூறும் அவை, ஓராண்டுக்கு ஒன்றாக நின்று, பெயர்களின் வரிசையை மக்கள் நினைவில் நிலைபெறச் செய்தன. பலன் கூறும் பகுதியை ஏற்பினும் மறுப்பினும், வரிசையைக் காத்த பயனை மறுத்தல் இயலாது. சுவாமிமலை முருகன் கோயிலின் அறுபது படிகளும் அறுபது ஆண்டுகளைக் குறிப்பன எனக் கூறும் வழக்கும் இத்தகைய நினைவுத் துணையே.

3. சீனர் வட்டத்தின் அமைப்பு

சீனரும் ஆண்டுகளை அறுபது பெயரால் வழங்குவர். ஆயினும் அப்பெயர்கள் அமைந்த முறை வேறு. அவர்கள் வானத்தண்டு எனப் பத்தும், நிலக்கிளை எனப் பன்னிரண்டும் கொண்டுள்ளனர். பத்துத் தண்டுகள் மரம், தீ, மண், பொன், நீர் என்னும் ஐந்து பூதங்களுக்கும் இவ்விரண்டாக அமைவன. பன்னிரண்டு கிளைகள் எலி முதலாகப் பன்றி ஈறாகப் பன்னிரண்டு விலங்குகளோடு இயைத்து வழங்கப்படுவன. ஆண்டுதோறும் தண்டும் கிளையும் ஒவ்வொன்றாக முன்செல்லும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுவாகிய மிகச்சிறு மடங்கு அறுபது. ஆதலின் அறுபது ஆண்டில் முதலிணை மீண்டும் வரும். அம்முதலிணைக்குச் சியாட்சு என்பது பெயர். 1984இல் அது வந்தது. தென்னாட்டுப் பிரபவ 1987இல் வந்தது. ஒரு வட்டத்தின் தொடக்கத்திற்கும் மற்றதன் தொடக்கத்திற்கும் மூன்றாண்டு இடைவெளி உண்டு.

இவ்வறுபது பெயர் சீனரிடம் முதலில் நாளுக்கு உரியவாய் இருந்தன. சாங் மரபினர் காலத்து எலும்புப் பொறிப்புகளிலேயே அறுபது நாள் வட்டம் வழங்கியது. ஆண்டுகளுக்கு அப்பெயர்களை வழங்குதல் ஆன் மரபினர் காலத்தில் நிலைபெற்றது. அதற்கு முன் வியாழன் நின்ற இடத்தால் ஆண்டைக் குறிக்கும் முறை இருந்தது. வியாழனுக்குச் சீனர் இட்ட பெயரே ஆண்டு மீன் எனப் பொருள்படும். பின்னர் அவர்களும் கோளின் உண்மை இயக்கத்தைக் கைவிட்டுப் பெயர்களைத் தடையின்றி ஓடவிட்டனர். தென்னாட்டார் சில நூற்றாண்டு பின்னர்ச் செய்ததும் இதுவே. இவ்வொப்புமை கொண்டு ஒருவர் மற்றவரிடம் கடன் பெற்றார் எனத் துணிதல் வேண்டா. பெயர் அமைப்பு முற்றும் வேறாதலின், ஒரே கோளை நோக்கிய இருவர் ஒரே இடர்ப்பாட்டை எதிர்ப்பட்டு ஒரே தீர்வை அடைந்தனர் எனக் கொள்வதே அமைவுடைத்து.

இரு வட்டங்களும் ஒன்றோடொன்று கூடிய இடம் திபெத்து. அந்நாட்டார் காலசக்கர மரபின் வழியே அறுபதாண்டு வட்டத்தைக் கி.பி. 1027 முதல் எண்ணினர். வட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் பிரபவ என்பதன் மொழிபெயர்ப்பாகும். ஆனால் வட்டத்துள் நின்ற ஆண்டுகளைச் சீன முறையில் தீ முயல், மண் நாகம் என்றாற்போலப் பூதமும் விலங்கும் கொண்டும் வழங்கினர். 1027 முதல் பதினாறு வட்டம் கழியின் 1987 வரும். திபெத்தியரின் தொடக்க ஆண்டும் நம்முடைய பிரபவ ஆண்டும் இவ்வாறு பொருந்தி நிற்றல் குறிப்பிடத்தக்கது.

சீனர் அமைப்பின் சிறப்பு ஒன்று ஈண்டு நம் கருத்துக்கு இன்றியமையாதது. பத்தும் பன்னிரண்டும் உறழ்ந்தால் நூற்றிருபது இணைகள் ஆகும். அவற்றுள் அறுபதே வழக்கில் வரும். ஒற்றைத் தண்டு ஒற்றைக் கிளையோடும், இரட்டைத் தண்டு இரட்டைக் கிளையோடும் மட்டுமே சேரும். ஆகவே ஏடு பெயர்த்தெழுதுவோன் தண்டு ஒன்றை அடுத்த தண்டாகத் திரித்தெழுதினால், அத்தகைய இணை இல்லையென்பது உடனே வெளிப்படும். பிழையைக் காட்டிக்கொடுக்கும் காவல் பெயரினுள்ளேயே உண்டு. நம்முடைய அறுபது பெயர்களில் இக்காவல் இல்லை. அவை வரிசையாக மனப்பாடம் செய்யத்தக்க தனிப்பெயர்கள். எந்தப் பெயரும் தன் இடத்தைத் தானே கூறாது.

4. இரு கற்கள் கூறும் சான்று

இத்துணை ஒழுங்குடைய பெயரைப் பெற்றிருந்தும் சீனர் அதனைத் தனித்து நிறுத்தினரா? தமிழோடு தொடர்புடைய கல் ஒன்று விடை கூறும். இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் அமைந்தது. கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றது. சீனப் பகுதி புத்தருக்கும் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறும். சீனப் பகுதியின் காலக்குறிப்பு யொங்லோ பேரரசரின் ஏழாம் ஆட்சியாண்டு எனத் தொடங்கி, ஆண்டின் வட்டப்பெயரைக் கூறி, இரண்டாந் திங்களைக் கூறி, நாளின் வட்டப்பெயரையும் கூறும். அது கி.பி. 1409 ஆகும். ஆட்சியாண்டு எண் ஒன்று, ஆண்டுப் பெயர் ஒன்று, திங்கள் ஒன்று, நாட்பெயர் ஒன்று என நான்கு கூறும் ஒன்றையொன்று காக்கின்றன. ஒன்று சிதைந்தாலும் மற்றவற்றால் அதனை மீட்கலாம்.

இனி, சீனத்துச் சுவான்சௌ நகரிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டை நோக்குவோம். குப்லாய் கான் நலம் பெறுமாறு சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறும். அதன் காலக்குறிப்பு சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாள் என்பதே. இது கி.பி. 1281. அவ்வாண்டுக்குத் தென்னாட்டு வட்டப்பெயர் விசு. சீன வட்டப்பெயர் சின்சு. கல்லை நாட்டிய தமிழர் இவ்விரண்டனுள் எதனையும் எழுதவில்லை. தொடர் எண்ணையும் நாண்மீனையும் எழுதினார். தாம் அறிந்த வட்டப்பெயர் அயல்நாட்டில் விளங்காது. அந்நாட்டு வட்டப்பெயர் தம்மவர்க்கு விளங்காது. எண்ணும் விண்மீனும் எங்கும் விளங்கும். வட்டப்பெயர் அதனை அறிந்த சுற்றத்தாரிடையே மட்டும் உயிர்பெறும் என்பதை இக்கல் உணர்த்துகிறது எனக் கருதுகிறோம்.

விசயநகரக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இரண்டையும் இணைத்தன. சகாப்தம் இத்தனையின்மேற் செல்லாநின்ற இன்ன ஆண்டு என்னும் வாய்பாடு அவற்றிற் பெருவரவிற்று. இவ்வாய்பாட்டின் நுட்பத்தை உணர்தல் வேண்டும். எண் கழிந்த ஆண்டைக் கூறும். பெயர் நடக்கும் ஆண்டைக் கூறும். எண் கழிந்ததா நடப்பதா என்னும் ஐயம் எழுந்தால் பெயர் அதனைத் தீர்க்கும். பெயர் எவ்வட்டத்தது என்னும் ஐயத்தை எண் தீர்க்கும். கழிந்த சக எண்ணோடு 12 கூட்டி 60ஆல் வகுக்க எஞ்சுவது பெயரின் இடமாகும். 1203உடன் 12 கூட்டின் 1215. 60ஆல் வகுக்க எஞ்சுவது 15. பதினைந்தாம் பெயர் விசு. இவ்வாறு கணித்துப் பார்க்குங்கால் கல்லில் எண்ணும் பெயரும் முரணினால், பொறித்தவன் பிழையோ படித்தவர் பிழையோ உண்டென அறியலாம்.

5. பெயர்த் திரிபுகள்

பெயரினுள் காவல் இன்மையால் ஏட்டில் நேரும் கேடு எத்தகையது என்பதைப் பட்டியலைக் கொண்டே காட்டலாம். பதின்மூன்றாம் ஆண்டு பிரமாதி. நாற்பத்தேழாம் ஆண்டு பிரமாதீச. ஏட்டின் ஓரம் முறிந்து ஈற்றெழுத்து மறைந்தால் ஒன்று மற்றொன்றாகும். காலம் 34 ஆண்டு பிறழும். நாற்பத்து நான்காம் ஆண்டு சாதாரண. பதினெட்டாம் ஆண்டு தாரண. முதலெழுத்து ஒன்று செல்லரித்தால் 26 ஆண்டு மாறும். விரோதி இருபத்து மூன்றாவது, விரோதிகிருது நாற்பத்தைந்தாவது. துன்முகி முப்பதாவது, துன்மதி ஐம்பத்தைந்தாவது. சுபகிருதுவும் சோபகிருதுவும் அடுத்தடுத்து நிற்பன; அவற்றின் திரிபு ஓராண்டே பிறழ்விக்குமாதலின் கண்டறிதல் மிக அரிது.

இவற்றோடு ஆண்டு மாற்றும்போது நேரும் வழுவும் உண்டு. தமிழாண்டு சித்திரையில் தொடங்கி ஈராண்டுகளின் மீது கிடக்கும். தாது ஆண்டு 1876 ஏப்பிரலில் தொடங்கியது. தாது ஆண்டுத் தைத்திங்கள் 1877 சனவரியாகும். திங்களை நோக்காது பெயரை மட்டும் ஆங்கில ஆண்டாக மாற்றுவோர் தை முதல் பங்குனி வரையுள்ள நாள்களில் ஓராண்டு தவறுவர். தெலுங்கர், கன்னடர் ஆண்டு மதியக் கணக்கால் தொடங்குவதாகலின், விசயநகர ஆவணங்களில் ஆண்டின் தொடக்க நாள் வேறுபடுதலையும் கருதல் வேண்டும்.

தாது ஆண்டு என்றவுடன் பஞ்சம் நினைவுக்கு வரும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்றே மக்கள் வழங்கினர். அது அடுத்த ஈசுவர ஆண்டிலும் தொடர்ந்ததே. எனினும் பெயர் தாதுவோடு நின்றது. சீனரும் 1894ஆம் ஆண்டுப் போரையும், 1898ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தையும், 1911ஆம் ஆண்டுப் புரட்சியையும் அவ்வவ்வாண்டின் வட்டப்பெயராலேயே வழங்குவர். 1936இலும் 1996இலும் தாது மீண்டும் வந்தது. ஆயினும் தாது வருடப் பஞ்சம் எதுவென எவரும் ஐயுறுவதில்லை. நிகழ்ச்சி பெயருக்குத் துணையாய் நின்று வட்டத்தை உறுதி செய்கிறது. மக்கள் வாழ்நாளுக்குள்ளே பெயர் போதும். அதனைக் கடந்தபின் துணை வேண்டும்.

6. கிழமையும் நாண்மீனும் தரும் துணை

இனி, ஏட்டுக்குறிப்பிற் காணும் கிழமையும் நாண்மீனும் மங்கலத்திற்காக எழுதப்பட்ட வெற்றுரைகள் எனக் கருதுவார்க்கு விடை கூறுவோம். தமிழ்ப் பஞ்சாங்கங்கள் கொள்ளும் ஆண்டின் அளவு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. அறுபது ஆண்டுக்கு இது 21,915 நாள் 31 நாழிகை 15 விநாடி ஆகும். ஏழால் வகுக்க 5 நாளும் எஞ்சிய நாழிகையும் நிற்கும். ஆதலின் ஒரு திங்களின் ஒரு தேதி, அடுத்த வட்டத்தில் 5 அல்லது 6 கிழமை தள்ளி வரும். இரு வட்டம் கழியின் 4 அல்லது 5 கிழமையும், மூன்று வட்டம் கழியின் 2 அல்லது 3 கிழமையும், நான்கு வட்டம் கழியின் 1 அல்லது 2 கிழமையும் தள்ளும். ஐந்தாம் வட்டத்தில்தான் 6 கிழமை தள்ளுதலோ, பழைய கிழமையே வருதலோ நிகழும்.

இதனாற் பெறப்படுவது யாது? அடுத்தடுத்த ஐந்து வட்டங்களுள், அதாவது முந்நூறு ஆண்டுப் பரப்பினுள், ஆண்டுப் பெயரும் திங்களும் தேதியும் கிழமையும் ஒருங்கே ஒத்துவரும் நாள் ஒன்றன்றி இரண்டு இருத்தல் இயலாது. விசுவாவசு ஆண்டுத் தைத்திங்கள் 10ஆம் தேதி என ஓர் ஏட்டில் இருப்பதாகக் கொள்வோம். அது 1666, 1726, 1786, 1846, 1906 ஆகிய ஆண்டுகளின் சனவரியில் எதுவும் ஆகலாம். திங்கட்கிழமை என ஒரு சொல் கூடியிருப்பின், ஐந்தனுள் ஒன்றற்கு மேல் நில்லாது. வெற்றுரை எனத் தள்ளப்பட்ட சொல்லே முந்நூறு ஆண்டுக்கு அறுதியிடும் ஆற்றலுடையது.

நாண்மீனும் இவ்வாறே. அறுபது ஆண்டில் மதியம் முழுச் சுற்றுகளை முடித்து, ஏறத்தாழ மூன்றரை மீன் மிகையாகச் செல்லும். எனவே ஒரே தேதியில் ஒரு வட்டத்திற்கு மூன்று அல்லது நான்கு மீன் அளவில் நாண்மீன் முன்செல்லும். மதியத்தின் விரைவு வேறுபடுதலின் இதனிற் சிறிது கூடுதலும் குறைதலும் உண்டு. கிழமை ஐயந்தரும் ஐந்தாம் வட்டத்தில் நாண்மீன் ஏறத்தாழப் பதினேழு தள்ளி நிற்கும். ஆதலின் ஐயம் நீங்கும். கிழமை தேதியின் பிழையைக் காட்டும். நாண்மீன் கிழமையின் பிழையைக் காட்டும். சீனர் வட்டத்தில் பெயரினுள்ளே அமைந்த காவல், நம் மரபில் பெயருக்கு வெளியே கிழமையிலும் மீனிலும் அமைந்தது. காவல் இல்லாத பெயர் எனக் குறை கூறுவோர் காவலை நீக்கிவிட்டு அவ்வாறு கூறுகின்றனர்.

இம்முறை புதிதன்று. கீல்ஃகார்ன் சோழ வேந்தரின் ஆட்சித் தொடக்கங்களைக் கல்வெட்டிற் கண்ட கிழமை, திதி, நாண்மீன் கொண்டே கணித்தார். முதல் இராசராசன் கி.பி. 985இல் அரியணை ஏறினான் என்னும் முடிபு அவ்வழிப் பெற்றது. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பெருங்கணித அட்டவணைகள் கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாள்களை எவரும் சரிபார்க்குமாறு செய்தன. எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. அவரே சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்ட நாட்குறிப்பைக் கணித்துக் கி.பி. 756 எனக் கூறியபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆண்டுப் பெயரோ எண்ணோ இல்லாதவிடத்துக் கிழமையும் மீனும் மட்டும் பல ஆண்டுகளுக்குப் பொருந்தும். ஆகவே பெயர் துணையின்றி நில்லாதவாறே, துணையும் பெயரின்றி நில்லாது என்பது போதரும்.

7. மறுப்பும் முடிபும்

அறுபது பெயரும் வடசொல்லாதலின் அவற்றை நீக்குதல் வேண்டும் எனவும், நாரதர் பெண்ணாகி அறுபது மக்களைப் பெற்ற கதை அவற்றோடு இயைந்திருத்தலின் அவை இழிவுடையன எனவும் கூறுவர். அக்கதை பெயர்களுக்கு விளக்கம் கூறப் பின்னர் எழுந்தது, பெயர்களைப் பிறப்பித்ததன்று. வட்டம் வியாழனின் இயக்கத்தால் அறுபதாயிற்றேயன்றிக் கதையால் ஆகவில்லை. ஆகவே கதையின் தகுதி கொண்டு கணக்கின் தகுதியை அளத்தல் ஆகாது. நற்றோன்றல் முதலாகத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் அமைத்தோரும் உளர். அப்பெயர்களை இனி வழங்குதல் அவரவர் விருப்பம். ஆயின் பழைய ஏட்டுக்குறிப்பைப் பதிப்பிக்குங்கால் பெயரை மொழிபெயர்த்தல் சான்றைச் சிதைப்பதாகும்.

வட்டப்பெயரினும் தொடர் எண்ணே ஆட்சிக்கும் வரலாற்றுக்கும் ஏற்றது என்பாரோடு நாமும் உடன்படுகிறோம். ஆங்கில ஆண்டோடு 31 கூட்டி எண்ணும் திருவள்ளுவராண்டு அத்தகைய தொடர் எண். தமிழ்நாட்டரசு அதனை வழங்கி வருகிறது. புத்தாண்டு தைத்திங்கள் முதல்நாள் எனச் சட்டமன்றம் 2008இல் சட்டம் இயற்றியதும், 2011இல் அதனை நீக்கியதும் இனி எண்ணவேண்டிய ஆண்டு பற்றியன. எழுதி முடிந்த ஏடுகளின் காலம் அவற்றால் மாறாது. வழக்கை எவ்வாறு தீர்ப்பினும், பல நூற்றாண்டாக நம் முன்னோர் எழுதிவைத்த நாள்களைப் படிக்கும் கல்வியை இழத்தல் நமக்குத் தகாது.

எனவே பதிப்பாசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் நாம் கூறுவன மூன்று. ஏட்டின் இறுதிக் குறிப்பை ஓரெழுத்தும் விடாமல், சிதைந்த இடத்தைச் சிதைவென்றே காட்டி, பதிப்பிற் சேர்த்தல் வேண்டும். ஆண்டுப் பெயர் கொண்டு காலம் கூறும்போது, பொருந்தக்கூடிய எல்லா வட்டங்களையும் முதலில் நிரல்படுத்தி, கிழமையாலும் நாண்மீனாலும் ஒவ்வொன்றையும் ஆய்ந்து, எஞ்சியதனையே கொள்ளல் வேண்டும். துணைக்குறிப்பு யாதும் இல்லாதவிடத்து ஒரு நூற்றாண்டைத் தெரிந்தெடுத்துப் பொருத்தாமல், வட்டங்களை வட்டங்களாகவே விட்டுவிடல் வேண்டும். கந்தவேளைச் சூழ இருபத்தேழு நாண்மீனையும் நிறுத்திய செய்யூரார்க்கு, நாள் கூறுங்கால் மீன் கூறாதிருத்தல் குறையாகவே தோன்றியிருக்கும். அவர்கள் கூறியதை முழுதும் கேட்டபின்னரே அவர்கள் காலத்தை நாம் கூறத் தொடங்குதல் முறையாகும்.